அக்மெத்தாவுக்குப் போக இருக்கும் ராமுவுக்கு

அன்புள்ள ராமு,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. சின்னவன் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் மருத்துவம் மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்டானா! அவனைப் பார்க்கப் போகிற சாக்கில் காக்கசஸ் மலையடிவாரத்தில் ஒரே ஒரு வட்டாரத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும், எதற்குப் போகலாம் என்று கேட்டிருந்தாய். கஸ்பெகி பக்கம்தான் எல்லாரும் போகிறார்கள். நீ கக்கேத்தி மாகாணத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் அக்மெத்தாவுக்குப் போ.

முப்பது வருஷம் பூகோளம் நடத்திய உனக்கு அதன் வரைபடமே விருந்து. சுமார் 2,200 சதுர கிலோமீட்டர் கொண்ட ஒரே நிர்வாக வட்டாரம். ஆனால் காக்கசஸின் முகடு அதன் குறுக்கே ஓடுகிறது. தென்புறம் பெய்யும் மழை அலசானி ஆறாகி, பாங்கிசிப் பள்ளத்தாக்கு வழியாகச் சமவெளிக்கு இறங்கி அஜர்பைஜான் போகிறது. வடபுறம் துஷேத்தி. அங்கே பெய்வது ரஷ்யாவின் தாகெஸ்தானுக்குள் பாய்ந்து சூலாக் ஆற்றில் சேர்ந்து காஸ்பியனுக்குப் போகிறது. அந்த வடபுற ஆறுகளின் பெயரிலும் அலசானி உண்டு என்பதால் வரைபடத்தைப் பார்த்துக் குழம்பாதே. ஊர்ப் பெயரிலும் இதே சிக்கல்தான். பாங்கிசியில் ஓர் ஓமலோ, துஷேத்தியில் ஓர் ஓமலோ. வாடகை வண்டிக்காரரிடம் வெறுமனே ‘ஓமலோ’ என்று சொல்லாதே. ‘துஷேத்தி ஓமலோ’ என்று சொல். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு மலைத்தொடர்.

2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வட்டாரத்துக்கு 31,000க்குச் சற்று மேல் என்று வந்தது. அந்தக் கணக்கை வைத்துத் துஷேத்தியை எடைபோடக் கூடாது. கணக்கெடுப்பு நடந்தது நவம்பரில். துஷேத்திச் சாலை பொதுவாக அக்டோபரிலேயே மூடிவிடும். மலையில் மாட்டிக்கொண்டதுபோல் தங்கும் சிலரைத் தவிர எல்லாரும் அப்போது கீழே மேல் அல்வானி, கீழ் அல்வானி என்ற இரண்டு பெரிய கிராமங்களில் இருப்பார்கள். ஒரே குடும்பத்துக்கு மேலே ஒரு வீடு, கீழே ஒரு வீடு. எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்டால் மாதத்தைப் பொறுத்துத்தான் பதில் வரும். இந்த வட்டாரத்தை நாட்காட்டியும் கையுமாகத்தான் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆடுகளும் அப்படித்தான். குளிர்காலத்தில் தென்கிழக்கே வெகுதூரத்தில் உள்ள வறண்ட ஷிராக்கி சமவெளியில் மேயும். வசந்தம் முடியும்போது மேலே ஓட்டிப் போவார்கள், செப்டம்பர், அக்டோபரில் இறக்குவார்கள். சோவியத் காலத்தில் ரஷ்யப் பக்கம் கிஸ்லியார் புல்வெளிகளும் கிடைத்தன. 1991க்குப் பிறகு எல்லை குறுக்கே வந்து அந்த மேய்ச்சல் போய்விட்டது.

துஷேத்தியின் குடா பாலாடைக்கட்டி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், நீ எப்படியும் வாங்குவாய். கறந்த சூடு ஆறுவதற்குள் ஆட்டுப்பாலை (சில வீடுகளில் பசும்பாலும் கலந்து) வடிகட்டி உறைமருந்து சேர்ப்பார்கள். உறைந்ததை உடைத்துத் திரட்டி, துணியில் கட்டி நீர் வடியவிட்டு, துண்டுபோட்டு உப்பு தூவி அடுக்கடுக்காக ஆட்டுத்தோல் பைக்குள் திணிப்பார்கள். அந்தப் பைக்குப் பெயர்தான் குடா. மயிரைக் குட்டையாகக் கத்தரித்து, மயிர்ப் பக்கம் உள்ளே இருக்கும்படி திருப்பியிருப்பார்கள். உப்பு இழுக்கும் நீரிலேயே கட்டி ஊறும். பையை அடிக்கடி புரட்டிப்போட வேண்டும். சோம்பினால் அடியில் கரிக்கும், மேலே உப்பு ஏறாமல் கொழகொழக்கும். பால் வெயிலில் காத்திருந்தாலோ, தோல் சரியாகச் சுத்தமாகாவிட்டாலோ உள்ளே வாயு கட்டிக் கசப்பு ஏறும். இரண்டு மாதமாவது ஆனால்தான் அந்தக் காரமான வாசனை வரும். இப்போது பலர் பிளாஸ்டிக் பையில் அடைக்கிறார்கள். கழுவும் வேலை மிச்சம், ஆனால் ருசி மட்டம். வாங்கும்போது தோல் பையிலிருந்து எடுத்ததா என்று கேள். உப்பு தூக்கலாக இருந்தால் தண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிடு.

இனி சாலை. அடிவாரத்து ப்ஷாவெலி கிராமத்திலிருந்து துஷேத்தி ஓமலோவுக்குச் சுமார் 70 கிலோமீட்டர்தான், ஆனால் நாலைந்து மணி நேரம். 500 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கும் சமவெளியை விட்டு ஸ்டோரி ஆற்றை ஒட்டி ஏறி, 2,800 மீட்டருக்கும் மேலே இருக்கும் அபானோ கணவாயைத் தாண்டி இறங்க வேண்டும். தார் கிடையாது, பல இடங்களில் தடுப்புச் சுவரும் கிடையாது. நீயே வாடகைக் கார் எடுத்து ஓட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடு. அல்வானியில் நான்கு சக்கர இயக்கம் உள்ள மிட்சுபிஷி டெலிக்கா வண்டிகள் கிடைக்கும், உள்ளூர் ஓட்டுநர்களோடு. காலையிலேயே கிளம்பு, மதியத்துக்கு மேல் மூடுபனியும் மழையும் கணவாயில் இறங்கும். பெருமழை பெய்தால் மண் சரிந்து வழி அடைபடும். அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முன்னால் குறைந்தது இரண்டு நாளை வெறுமனே விட்டுவை. மேலே ஏடிஎம் இல்லை, ரொக்கம் எடுத்துப் போ. மின்சாரம் பெரும்பாலும் சூரியத் தகடுகளிலிருந்துதான், கேமரா பேட்டரி உபரி வைத்துக்கொள்.

பன்றி இறைச்சி மேலே கொண்டுபோகவே கூடாது. கிறிஸ்தவர்கள்தான், ஆனாலும் துஷேத்தியில் அது விலக்கு. கல் அடுக்கி ஆட்டுக் கொம்பு வைத்த கோவில் மேடைகளுக்குப் பக்கத்தில் பெண்கள் போகக் கூடாது, தங்கச்சியிடம் முன்பே சொல்லிவை. அவள் சண்டைக்கு வருவாள், நியாயந்தான். மந்தை நாய்கள் பொல்லாதவை. மந்தைக்குள் நடக்காதே, சுற்றிப் போ. நாய் பாய்ந்து வந்தால் ஓடாமல் நின்று மேய்ப்பனைக் கூப்பிடு.

பாங்கிசிக்கு இரண்டு இரவு ஒதுக்கு. செச்சென் இனத்தோடு உறவுள்ள கிஸ்ட் மக்கள் 19ஆம் நூற்றாண்டில் மலை தாண்டி வந்து குடியேறிய இடம். 2014 கணக்கில் அவர்கள் சுமார் 5,700 பேர். வீட்டில் செச்சென், பள்ளியில் ஜார்ஜியன், பெயரின் வாலில் ‘ஷ்விலி’. 1999இல் செச்சென் போருக்குத் தப்பி ஆயிரக்கணக்கானோர் இங்கே வந்தார்கள். அதையொட்டிக் கடத்தலும் ஆயுதமும் என்று கிடைத்த கெட்ட பெயர் இன்னும் இணையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன் மகனும் அதைப் படித்துவிட்டுப் பயமுறுத்துவான். இன்று துயிசி, ஜோக்கோலோ கிராமங்களில் விருந்தினர் இல்லங்களை நடத்துவது பெரும்பாலும் பெண்கள். மது கிடையாது, ரோஜாக்காய் போட்டுக் காய்ச்சிய போதையில்லாத ‘பீர்’ தருவார்கள். துயிசியின் பழைய மசூதியில் வெள்ளிக்கிழமை நண்பகல் பெண்கள் கூடி இறைவனை நினைந்து திக்ர் ஓதுவார்கள். பார்க்க அனுமதிப்பார்கள், தலையை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தால் போதும்.

உன்னை நான் அனுப்ப விரும்புவதற்கு முக்கியக் காரணம் மேல் அல்வானிதான். அங்கே பட்ஸ்பி என்ற சிறு கூட்டம் இருக்கிறது. பேசும் மொழி செச்சென் மொழிக்குப் பங்காளி, மதம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவம், வாழ்க்கைமுறை துஷேத்திக்காரர்களுடையது. பாங்கிசிக் கிஸ்ட் மக்கள் சற்றுத் தள்ளித்தான் இருக்கிறார்கள். மொழியில் உறவு, மதத்தில் வேறு. வயதானவர்களே இன்று பட்ஸ் பேசுகிறார்கள், பிள்ளைகள் ஜார்ஜியனுக்குப் போய்விட்டார்கள். இன்னும் இருபது வருஷம் கழித்துப் போனால் காதில் விழாது.

சமவெளியில் திராட்சையும், 50 மீட்டர் உயர 11ஆம் நூற்றாண்டு அலவெர்தி பேராலயமும் இருக்கின்றன. அதைப் பற்றி எல்லா வழிகாட்டியிலும் இருக்கும், நான் எழுதவில்லை. அரைக்கால் சட்டையோடு போகாதே, அவ்வளவுதான்.

செப்டம்பர் இரண்டாம் பாதிக்கு டிக்கெட் பார். ஆடு இறங்குவதும் திராட்சை அறுவடை தொடங்குவதும் ஒன்றாகக் கிடைக்கலாம். கணவாயில் முன்கூட்டியே பனி விழும் அபாயம் உண்டு, அதனால் முதலில் துஷேத்தி, பிறகு பாங்கிசி, கடைசியில் சமவெளி என்று வைத்துக்கொள். முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? துஷேத்தி ஓமலோவிலிருந்து தார்த்லோ கிராமத்துக்கு நடை ஒரு வழி சுமார் 12 கிலோமீட்டர். முடியாவிட்டால் வண்டியில் போய்விடு. தேதி முடிவானதும் எழுது, அல்வானியில் வண்டி பேசும் விவரம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
கதிர்