கோழியிலிருந்து தொடங்கு

அன்புள்ள கண்ணு,

ஊட்டிக் குளிரில் இட்லி மாவு புளிக்கவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை நீ புலம்பியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அரிசியை மாற்றினாய், உளுந்தைக் கூட்டினாய், தூக்கை விட்டு டப்பாவில் ஊற்றினாய். மாவு பொங்கிவிட்டது, சரி. எதனால் பொங்கியது? அதே போனில்தான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் முறையை எப்படித் தொடங்குவது என்றும் கேட்டாய்!

உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு என்று நானும் வருஷக்கணக்கில் கரும்பலகையில் கட்டம் போட்டேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்து மார்க் வாங்கினார்கள், அவ்வளவுதான். நீ கோழியிலிருந்து தொடங்கு.

1880களின் கடைசியில், இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டாவியாவில், எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரிக்குக் காரணமான கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். கால் மரத்து, நடை தளர்ந்து, இதயமே நின்றுபோகிற நோய் அது. கோழிகளுக்கு ஊசி போட்டு நோயை ஏற்றப் பார்த்தார். கோழிகள் தள்ளாடி விழுந்தன. ஆனால் ஊசி போடாதவையும் விழுந்தன. இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, ஏன் என்று பிள்ளைகளைக் கேள். அவர்கள் யோசிக்கும்வரை நீ வாயைத் திறக்காதே.

சில மாதங்களில் கோழிகள் தானாகவே தேறிவிட்டன. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. விசாரித்தால், பணியாள் சிக்கனத்துக்காக ராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து வெள்ளைச் சோறு வாங்கிவந்து போட்டிருக்கிறார். புதிதாக வந்த சமையல்காரரோ, பட்டாளத்துச் சோறு சிவிலியன் கோழிகளுக்குக் கிடையாது என்று நிறுத்திவிட்டார்! எய்க்மான் அதைப் பிடித்துக்கொண்டார். சில கோழிகளுக்குத் தீட்டிய அரிசி, சிலவற்றுக்குத் தவிடு நீக்காத அரிசி என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தார். விழுந்த கோழி தவிடு தின்று எழுந்தது. கோழிக்குச் சரி, மனிதனுக்கு? போர்டெர்மான் என்பவர் ஜாவாவின் சிறைகளில் கணக்கெடுத்தார். தீட்டிய அரிசி போட்ட சிறைகளில்தான் பெரிபெரி மிக அதிகம்.

இதற்குப் பிறகு வருவதை மட்டும் விட்டுவிடாதே. எய்க்மான் சொன்ன காரணம் தப்பு. அரிசியில் நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்றார். நஞ்சும் இல்லை ஒன்றும் இல்லை, தீட்டிய அரிசியில் ஏதோ குறைகிறது என்று 1901இல் அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ் திருத்தினார். அந்த 'ஏதோ', தயமின் என்கிற வைட்டமின் பி1, 1926இல் அதே ஊரில்தான் படிகமாகப் பிரிந்தது. மூன்று வருஷம் கழித்து நோபல் பரிசு எய்க்மானுக்கும் கிடைத்தது.

உன் அப்பாயியும் இப்படித்தான். பச்சரிசி மந்தம் என்று சொல்லிப் புழுங்கல் அரிசிதான் பொங்குவார். நெல்லை அவிக்கும்போது தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியாது.

அப்புறம், உன் மாவு. இன்று ராத்திரி ஒரே மாவை ஒரே மாதிரி இரண்டு டப்பாவில் ஊற்றி, ஒன்றை அடுப்படியில் கதகதப்பான மூலையிலும் மற்றதை ஜன்னலோரமும் வை. மாவு எதுவரை இருக்கிறது என்று வெளியே பேனாவால் கோடு போட்டுவை. காலையில் பார்த்துவிட்டு போன் பண்ணு.

அம்மா