செக்ரோல் புத்தகங்களைத் திறந்துவிடுங்கள்: மலேசியத் தோட்ட நிறுவனங்களுக்கும் ஆவணக் காப்பகத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களே,

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போர்க் கைதிகளையும் கூலித் தொழிலாளரையும் வைத்து சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயிலின் கதையை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. கேட்பது ஒன்றுதான்: உங்களிடம் எஞ்சியிருக்கும் பழைய செக்ரோல் புத்தகங்களை, அதாவது தோட்டத் தொழிலாளரின் பெயரும் வருகையும் கூலியும் எழுதிய பதிவேடுகளைத் திறந்துவிடுங்கள். தோட்டம் கைமாறும்போது அவற்றை எடைக்குப் போடாதீர்கள்.

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 போர்க் கைதிகள் உறங்குகிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயரும் படைப்பிரிவும் இறந்த நாளும் உண்டு. கைதிகளுக்குள் அதிகாரிகள் இருந்தார்கள். யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று ஒளித்து எழுதிவைத்தார்கள். 1945 செப்டம்பரில் ஒரு குழு பாதை நெடுகப் போய் 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைத் தேடியது. அகப்படாதவை 52 மட்டுமே.

அதே 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். சரக்குப் பெட்டிகளில் சயாமின் பான்போங் வரை ரயில், அதற்குமேல் காட்டுக்குள் நடை. அவர்களுக்குப் படைப்பிரிவு இல்லை, போதிய மருத்துவர் இல்லை, பெயர் எழுத ஆளில்லை. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும் கட்டுப்பாடு கைதி முகாம்களில் பலரைக் காத்தது. கூலி முகாம்களில் அதைச் சொல்லவும் ஆளில்லை. பிணங்களைக் குழியில் ஒன்றாகத் தள்ளினார்கள், அல்லது எரித்தார்கள்.

அதனால் குடும்பங்களுக்கு இறந்த நாளே தெரியாது. நாள் தெரியாவிட்டால் திதி கொடுப்பது எப்படி? மகாளய அமாவாசையில் பொதுவாக எள்ளும் தண்ணீரும் இறைப்பதோடு சரி. சாவுச் சான்று கிடையாது. போனவர் திரும்பக்கூடும் என்று தாலியைக் கழற்றாமலே காத்திருந்த பெண்களின் வீட்டில், இன்று பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவின் பெயர்கூடச் சரியாகத் தெரியவில்லை.

தண்டவாளத்துக்குக் கணக்கு இருந்தது. மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோன இரும்புக்கும் சேர்த்துத்தான், 1946இல் பாதையின் சயாம் பகுதியைப் பிரிட்டன் சயாம் அரசுக்கு 12.5 லட்சம் பவுனுக்கு விற்று, அந்தந்த நாட்டு ரயில்வேக்களுக்கு இழப்பீடு ஒதுக்கியது. இரும்புக்குக் கிடைத்த கணக்கை மனிதருக்கும் கேட்பது பேராசையா? அந்தப் பாதையின் குவாய் நதிப் பாலத்தில் நின்று படமெடுக்கக் கூட்டம் வருகிறது. ‘ஆசியத் தொழிலாளர்’ என்ற இரண்டு சொல்லில் அத்தனை பேரையும் அடக்கிவிடுகிறார்கள். இந்தக் கோபத்தை மன்னியுங்கள், வேலைக்கு வருகிறோம்.

ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்துப் பதிவுகள் பல தோட்டங்களில் அழிந்துபோயின. ஆகவே 1941ஆம் ஆண்டின் கடைசிப் புத்தகத்தையும் 1946இன் முதல் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னதில் இருந்து பின்னதில் காணாமல் போன ஒவ்வொரு பெயரும் தேடவேண்டிய பெயர். அத்தனை பேரும் சயாமில் இறந்தார்கள் என்று முடிவுகட்டக் கூடாது. வேறு தோட்டம் போனவர், இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர், ஊரிலேயே மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டவர், சயாமிலேயே தங்கிவிட்டவர் எல்லாரும் அதில் கலந்திருப்பார்கள். தோட்டப் பள்ளி வருகைப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவு, குடும்பத்தார் வாய்மொழி ஆகியவற்றோடு ஒப்பிட்டே உறுதிசெய்ய வேண்டும்.

பெயரை மட்டும் எடுத்தால் ஆயிரம் ராமசாமிகளுக்குள் மாட்டிக்கொள்வோம். தகப்பன் பெயர், தோட்டம், டிவிஷன் (தோட்டத்தின் உட்பிரிவு), செக்ரோல் எண் நான்கும் வேண்டும். கிராணி (தோட்ட எழுத்தர்) ஆங்கிலத்தில் எழுதியதை அப்படியே படியெடுத்துவிட்டுத் தமிழ் வடிவைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ‘திருத்தி’ எழுதினால் தடயம் போய்விடும். கரையான் தின்ற ஏட்டைப் பிரித்து ஸ்கேனரில் அழுத்தாமல், மேலிருந்து கேமராவில் பிடித்தால் போதும்.

செலவை உங்கள்மேல் சுமத்தவில்லை. புத்தகம் எந்த அறையில் இருக்கிறது என்று சொல்லி, படமெடுக்க அனுமதி தாருங்கள். மூடவிருக்கும் தோட்ட ஆபீஸ்களிலிருந்து தொடங்க அருள்கூர்ந்து இசையுங்கள்.

பணிவுடன்,
பெயர்களைத் தேடுவோர்