கடைசியாக வருபவருக்கும் ஒரு குளம் வேண்டும்: சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிர்ஸ்டி கவன்ட்ரி அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு முன்பிருந்த தலைவர்களுக்கு இதை எழுதியிருந்தால் நிறைய விளக்க வேண்டியிருந்திருக்கும். உங்களுக்கு அந்தத் தேவை இல்லை. 2000 செப்டம்பரில் சிட்னி ஒலிம்பிக்கில் நீங்களே நீந்தினீர்கள். தொடக்க விழாவுக்கு மறுநாள்தான் உங்களுக்கு 17 வயது நிறைந்தது. பள்ளி மாணவியாக வந்து, ஜிம்பாப்வேயிலிருந்து ஒலிம்பிக் நீச்சலில் அரையிறுதி வரை சென்ற முதல் ஆளாகத் திரும்பினீர்கள். அதே குளத்தில், அதே வாரத்தில், உங்கள் கண்டத்தின் இன்னொரு கோடியிலிருந்து வந்த ஒருவரும் நீந்தினார். எக்குவடோரியல் கினியின் எரிக் முசம்பானி. அவரைப் பற்றித்தான் இந்த மடல். அவரைப் போல இனி வரப்போகிறவர்களைப் பற்றியும்.

செப்டம்பர் 19ஆம் தேதி, ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தகுதிச் சுற்றின் முதல் ஓட்டம். மொத்தமே மூன்று பேர். நைஜரின் கரீம் பாரேயும் தஜிகிஸ்தானின் ஃபர்ஹோத் ஓரிபோவும் ஒலி எழும்புமுன் குதித்துவிட்டுத் தகுதி இழந்தார்கள். மிச்சம் ஒருவர். அவர் நீச்சல் பழகத் தொடங்கி ஏறக்குறைய எட்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. தலைநகர் மலபோவில் ஒரு ஹோட்டலின் சின்னக் குளம்தான் அவருடைய பயிற்சிக்கூடம். 50 மீட்டர் நீளமுள்ள குளத்தை அவர் முதன்முதலாகப் பார்த்ததே சிட்னியில்தான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அந்த மனிதர் ஆழமும் தெரியாமல், நீளமும் தெரியாமல், உலகமே பார்த்துக்கொண்டிருக்கக் குதித்தார்.

முதல் 50 மீட்டர் எப்படியோ போயிற்று. திரும்பிய பிறகுதான் சோதனை. கைகள் கனத்தன, கால்கள் நீருக்குள் இறங்கின, கடைசிப் பதினைந்து மீட்டரில் அவர் நகர்கிறாரா, நின்ற இடத்திலேயே தத்தளிக்கிறாரா என்றே தெரியவில்லை. முதலில் சிரித்த அரங்கம் பிறகு எழுந்து நின்று கத்தத் தொடங்கியது. 1 நிமிடம் 52.72 விநாடி. அந்த ஒலிம்பிக்கில் பீட்டர் வான் டென் ஹூகன்பாண்ட் தங்கம் வென்றது 48.30 விநாடியில். அதே டச்சுக்காரர் இரண்டு மடங்கு தூரமான 200 மீட்டரை 1 நிமிடம் 45.35 விநாடியில் முடித்திருந்தார். அதாவது, முசம்பானி ஒரு முறை போய்த் திரும்பிய நேரத்துக்குள் இன்னொருவர் இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டார்.

இந்தக் காட்சியை உங்கள் அமைப்பு மறைக்கவில்லை, கொண்டாடுகிறது. உங்கள் அதிகாரப்பூர்வ யூடியூப் அலைவரிசையிலேயே அது இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கும் நெஞ்சு நிறைகிறது. ஆனால் அடுத்து நடந்ததை யாரும் அப்படிப் போட்டுக் காட்டுவதில்லை. ஊர் திரும்பிய முசம்பானி பயிற்சியை விடவில்லை. அதே 100 மீட்டரில் தன் நேரத்தை 57 விநாடிக்கும் கீழே கொண்டுவந்தார். ஒலிம்பிக் அளவுகோலில் அதுவும் பின்வரிசைதான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் 112 விநாடியிலிருந்து 57 விநாடி! நேரத்தைப் பாதியாகக் குறைத்த அந்த மனிதர் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குப் போகவே முடியவில்லை. விசா காகிதக் குளறுபடி.

தத்தளித்தவரைப் பார்க்க 17,000 பேர் வந்திருந்தார்கள். நீந்தக் கற்றுக்கொண்டு வந்தவரை ஏதென்ஸில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. என் மனத்தாங்கல் இதுதான், அம்மா. வாய்ப்பற்ற நாடுகளின் வீரர்களுக்கு நீங்கள் வாசலைத் திறக்கிறீர்கள். அந்த வாசலுக்கு வந்து சேரும் வழியை யார் போடுவது என்று கேட்டால் பதில் இல்லை.

அதே நாட்டிலிருந்து அதே சிட்னிக்கு ஒரு பெண்ணும் வந்திருந்தார். பவுலா பரிலா பொலோபா. 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 1 நிமிடம் 3.97 விநாடியில் முடித்தார். ஒலிம்பிக் வரலாற்றில் அந்தத் தூரத்தின் மிக மெதுவான நேரம் அது. முசம்பானிக்குக் கிடைத்த புகழ் அவருக்குக் கிடைக்கவில்லை. தோற்றுப் புகழ் பெறுவதில்கூட ஆணுக்கு ஒரு வரிசை, பெண்ணுக்கு ஒரு வரிசை போலும்.

இத்தகையவர்களுக்கு ஒலிம்பிக்கில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உங்கள் அமைப்புக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள். 1988இல் கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் பிரிட்டனின் எடி எட்வர்ட்ஸ் பனிச்சறுக்குத் தாண்டலில் கலந்துகொண்டார். கட்டட வேலையில் சுவர் பூசுபவர். தடித்த மூக்குக்கண்ணாடி, அதன் மேல் பனிக்கண்ணாடி, தாண்டும்போது உள்ளே ஆவி படிந்து வழி தெரியாது. இரண்டு போட்டிகளிலும் கடைசி. மக்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். கமிட்டி என்ன செய்தது? 1990இல் விதியை மாற்றியது. சர்வதேசப் போட்டிகளில் முதல் 30 விழுக்காட்டுக்குள்ளோ முதல் 50 பேருக்குள்ளோ வந்தவர்கள்தான் இனி வரலாம் என்றது. எட்வர்ட்ஸ் அடுத்தடுத்த மூன்று குளிர்கால ஒலிம்பிக்குகளுக்கு முயன்றும் உள்ளே வர முடியவில்லை. ஒரே ஒரு மனிதரைக் கண்டு அவ்வளவு பெரிய அமைப்பு கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

தாண்டலில் அதற்கு ஒரு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கால் தவறினால் கழுத்து முறியும். நீச்சலிலும் ஆபத்து உண்டு. முசம்பானி மூழ்கிவிடுவாரோ என்று அன்று பலரும் பதறினார்கள். ஆனால் அந்தப் பதற்றத்துக்கு மருந்து ஒரு குளமும் ஒரு பயிற்சியாளரும்தானே? ஆளை வரவிடாமல் செய்வது எந்த ஊர் வைத்தியம்?

இன்னொரு வாதமும் அடிக்கடி காதில் விழுகிறது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இவர்களைவிடப் பல மடங்கு வேகமானவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்க, இவர்களுக்கு இடமா என்று. அந்த அமெரிக்கர் வீட்டில் இருப்பது முசம்பானியால் அல்ல. ஒரு தனிநபர் நீச்சல் போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து இருவர்தான் என்று விதி இருக்கிறது. அது நல்ல விதி. அது இல்லாவிட்டால் பல இறுதிப் போட்டிகள் இரண்டு நாடுகளின் உள்ளூர்ப் போட்டிகளாகவே முடிந்துவிடும்.

தகுதி நேரத்தை எட்டாதவர்களும் தங்கள் நாட்டின் சார்பில் கலந்துகொள்ள ஒதுக்கப்படுபவை யுனிவர்சாலிட்டி இடங்கள். அவற்றைச் சொன்னதும் ஏதோ குட்டித் தீவுகளின் கதை என்று இங்கே பலரும் நினைக்கிறார்கள். 140 கோடிப் பேர் வாழும் எங்கள் நாட்டிலிருந்து 2024இல் பாரிஸ் சென்ற நீச்சல் வீரர்கள் இருவர். ஸ்ரீஹரி நடராஜ், 14 வயதே ஆன தினிதி தேசிங்கு. இருவரும் சென்றது அந்த ஒதுக்கீட்டில்தான். ஆகவே இதை நான் பிறருக்காக மட்டும் கேட்கவில்லை.

நான் எழுதுவது சென்னையிலிருந்து. எங்கள் ஊர்ப் பெண் சி.ஏ. பவானி தேவி வாள்வீச்சு பழகத் தொடங்கிய காலத்தில் கருவிகளின் விலை கட்டுப்படியாகாமல் மூங்கில் குச்சிகளை வைத்துப் பயிற்சி செய்ததைச் சொல்லியிருக்கிறார். ஆசிய, ஓசியானியப் பகுதிக்கான தரவரிசை இடத்தின் வழியே அவர் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். ஒலிம்பிக்கில் வாள் ஏந்திய முதல் இந்தியர். முதல் சுற்றில் துனிசியாவின் நாடியா பென் அசிசியை 15-3 என வென்றார். அடுத்த சுற்றில் பிரான்சின் மனோன் புரூனேவிடம் 7-15 எனத் தோற்றார். அன்று சமூக ஊடகத்தில் நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். எதற்கு மன்னிப்பு? அதுவரை எங்களில் யாரும் நின்றே இராத மேடை அது. நாங்கள்தான் அவருக்கு ஒரு நல்ல வாளைக்கூடக் காலத்தில் வாங்கிக் கொடுக்காதவர்கள். கடைசியில் வருபவர்கள் கூனிக் குறுகி மன்னிப்புக் கேட்கும் இந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்றால் அது ரசிகர்களாகிய எங்களால் ஆகவேண்டிய வேலை. அதை உங்கள் தலையில் கட்டவில்லை.

எங்களுக்குப் பக்கத்து இலங்கையில் ரணதுங்க கருணானந்த என்றொருவர் இருந்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக், 10,000 மீட்டர். அமெரிக்காவின் பில்லி மில்ஸ் யாரும் எதிர்பாராமல் வென்ற அதே ஓட்டம். மற்றவர்கள் எல்லாரும் முடித்துவிட்டுப் போன பிறகும், 67 என்ற எண்ணை நெஞ்சில் அணிந்த கருணானந்த தன்னந்தனியாக மிச்சச் சுற்றுகளை ஓடிக்கொண்டிருந்தார். கேலி செய்த கூட்டம் கடைசிச் சுற்றில் எழுந்து நின்று கைதட்டியது. ஜப்பானியர்கள் அந்த ஓட்டத்தைப் பள்ளிப் பாடமாக்கினார்கள். எங்கள் தெற்காசியாவில் அவர் பெயரைத் தெரிந்தவர்களை எண்ணிவிடலாம்.

60 ஆண்டு கழித்தும் அந்தக் கைதட்டல் ஓயவில்லை. பாரிஸ் மாரத்தானில் பூடானின் கின்சாங் லாமோ 3 மணி 52 நிமிடம் 59 விநாடியில் கடைசியாக, 80ஆவதாக வந்தார். வென்ற சிஃபான் ஹசனுக்கும் அவருக்கும் இடையே ஒன்றரை மணி நேரம். கடைசிக் கிலோமீட்டர்களில் பாரிஸ் மக்கள் அவருக்குப் பக்கத்திலேயே நடந்தும் ஓடியும் சைக்கிளில் வந்தும் துணை நின்றார்கள். அவர்கள் அழைப்பு இல்லாமல் வந்தவர்கள். எந்த விளம்பர நிறுவனமும் ஏற்பாடு செய்யவில்லை.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். 2028இல் லாஸ் ஏஞ்சலிஸில் கிரிக்கெட் வருகிறது. எங்களுக்குக் கொண்டாட்டம்தான், மறைப்பானேன். ஆனால் புதிய விளையாட்டுகள் வரவர, இருக்கும் விளையாட்டுகளில் இடங்களைச் சுருக்கச் சொல்லும் நெருக்கடியும் கூடும். அப்போது முதலில் கை வைக்க எளிதாகத் தெரிவது இந்த யுனிவர்சாலிட்டி இடங்களாகத்தான் இருக்கும். அவற்றுக்காகக் குரல் கொடுக்கப் பெரிய கூட்டமைப்போ ஒளிபரப்பு நிறுவனமோ இல்லை. தயவுசெய்து அதில் கை வைக்க விடாதீர்கள்.

அதைவிட முக்கியமானது, அந்த இடத்துக்கு வருபவரின் முந்தைய சில ஆண்டுகள். பாரிஸுக்கு யுனிவர்சாலிட்டி இடத்தில் வர விரும்பிய நீச்சல்காரர் 2023 அல்லது 2024 உலக சாம்பியன்ஷிப்பில் நீந்தியிருக்க வேண்டும் என்று விதித்தார்கள். நல்லது. வசதி குறைந்த நாடுகளின் வீரர்களுக்கு உதவும் உங்கள் ஒலிம்பிக் சாலிடாரிட்டி நிதியும், உலக நீச்சல் கூட்டமைப்பின் உதவித்தொகையும் இருக்கின்றன. அவற்றால் பயனடைந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவை போட்டியிட்டு வாங்க வேண்டியவை. இடம் ஒதுக்கும்போதே பயிற்சியும் சேர்த்து ஒதுக்கப்பட வேண்டும் என்கிறேன். குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பெயரை அறிவியுங்கள். முழு நீளக் குளமும் பயிற்சியாளரும் இருக்கும் ஓர் ஊரில் அவரைக் கொண்டுபோய்ச் சேருங்கள். பயணக் காகிதங்களை அந்தந்த நாட்டு அலுவலகத்தின் கருணைக்கு விடாமல் உங்கள் அலுவலகமே கையில் எடுத்துக்கொள்ளட்டும்.

இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தோன்றலாம். நீங்கள் சிட்னிக்குப் பிறகு அமெரிக்காவின் அலபாமாவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பயிற்சி பெற்றீர்கள். 2004இல் ஏதென்ஸிலும் 2008இல் பெய்ஜிங்கிலும் 200 மீட்டர் பின்னீச்சலில் தங்கம் வென்றீர்கள். உங்கள் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆபர்ன் இல்லாமல் அந்த ஏழு பதக்கங்களும் வந்திருக்குமா என்பதை நீங்களே சொல்ல முடியும். 2025 ஜூனில் அமெரிக்க அரசு 12 நாடுகளின் குடிமக்கள் உள்ளே வருவதை நிறுத்தி ஓர் ஆணை பிறப்பித்தது. அந்தப் பட்டியலில் எக்குவடோரியல் கினியும் இருந்தது. ஒலிம்பிக்குக்கு வரும் வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் விலக்கு உண்டு என்று எழுதியிருந்தார்கள். ஆபர்னுக்குப் படிக்க வரும் 17 வயது நீச்சல்காரிக்கு அந்த விலக்கு பொருந்தாது. போட்டி நாளன்று வரலாம், பழக வரக்கூடாது. இதை வாஷிங்டனில் எடுத்துப் பேச உங்களைவிடத் தகுதியானவர் யார்?

முசம்பானி 2012இல் தன் நாட்டு நீச்சல் அணிக்குப் பயிற்சியாளரானார். மலபோவிலும் பாட்டாவிலும் இப்போது 50 மீட்டர் குளங்கள் இருக்கின்றன. அவர் பழக்கும் பிள்ளைகளில் ஒருவரை லாஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பும் காகிதம் உங்கள் மேசைக்கு வரும்போது, அதனுடன் விசா, பயிற்சிச் செலவு, தங்குமிடம் மூன்றும் இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு விளையாட்டு ரசிகன்