செயலாளரின் ஆண்டறிக்கை: வாத்தினங்களும் மரபணுச் சோதனையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குளிர்கால நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் பள்ளிப் பிள்ளைகளுக்கான பறவை நோக்கலும் இவ்வாண்டும் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்களில் நாம் எடுத்துக்கொண்ட பொருள், அருகிவரும் வாத்தினங்களைக் காக்க மரபணுச் சோதனை எப்படி உதவுகிறது என்பது. இந்த அறிக்கையில் பெரும்பகுதி அதற்கே.

அதிகம் விவாதித்தது ஹவாய்த் தீவுகளின் கொலோவா வாத்தைப் பற்றி. அழகுக்கும் வேட்டைக்கும் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மல்லார்ட் என்ற அயல் வாத்துகள் அங்கே கொலோவாவோடு கலந்தன. 1950களின் இறுதியிலிருந்து கூண்டில் வளர்த்த கொலோவாக்களை ஓவாஹு, மாவி, ஹவாய் தீவுகளில் விட்டார்கள். அங்கிருந்த மல்லார்ட்களை அகற்றவில்லை. விளைவை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. கௌவாய் தீவுக்கு வெளியே மாதிரி எடுத்த பறவைகள் அத்தனையும் கலப்பு. கௌவாயில் கலப்பு மிகக் குறைவு, மரபணு வேறுபாடும் வளமாகவே இருக்கிறது. ஆகவே மற்றத் தீவுகளுக்கு மீண்டும் கொலோவா வேண்டுமென்றால் கௌவாயிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்கு முன் அந்தத் தீவுகளில் மல்லார்ட்களையும் கலப்பினங்களையும் அகற்றியாக வேண்டும். வரிசை மாறினால் பழைய கதைதான். கௌவாயை மட்டுமே நம்பியிருப்பதும் ஆபத்து. அங்குள்ள ஹனாலே சதுப்பு நிலத்தில் போட்யூலிசம் நோய் வாத்துகளைக் கொன்றிருக்கிறது.

கண்ணால் பார்த்தே கலப்பைச் சொல்ல முடியாதா என்று பலர் கேட்டார்கள். முதல் தலைமுறையில் ஓரளவு முடியும். கலப்புப் பறவை மீண்டும் மீண்டும் கொலோவாவோடு சேரும்போது மல்லார்ட் பங்கு சராசரியாக 50, 25, 12.5, 6.25 சதவீதம் என்று இறங்கும். இப்படி இறங்க இறங்க இறகு நிறம் கைகொடுக்காது. உயிரணுவின் உட்கருவுக்கு வெளியே உள்ள மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம். அது தாய்வழி மட்டுமே வருவதால், தந்தை மல்லார்டாகவும் தாய் கொலோவாவாகவும் இருந்தால் குஞ்சு தூய கொலோவா போலவே தெரியும். உட்கரு டி.என்.ஏ.வில் ஆயிரக்கணக்கான இடங்களைப் படிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கொலோவா இனமே பழங்காலத்தில் மல்லார்டும், லேசான் என்ற சிறு ஹவாய்த் தீவின் வாத்தும் கலந்து உருவானது என்று 2015இல் வந்த ஆய்வு சொல்கிறது. மல்லார்ட் சாயலுள்ள மரபணுக்கள் அதற்கு இயல்பாகவே உண்டு. ஒப்பிடுவதற்குச் சரியான தூய மாதிரிகள் இல்லாவிட்டால் நல்ல பறவையையே கலப்பென்று கழித்துவிடுவார்கள். சோதனையின் தரம் ஒப்பீட்டு மாதிரிகளின் தரத்தைப் பொறுத்தது. இதை உறுப்பினர்கள் மறக்கக் கூடாது.

லேசான் வாத்துக்கு உதவியது பழைய எலும்பு. முயல்கள் செடிகொடிகளைத் தின்று தீர்த்ததில் 1911 வாக்கில் அது ஏறத்தாழ ஒரு டஜனாகக் குறைந்திருந்தது. பெரிய தீவுகளில் கிடைத்த எலும்புகளின் டி.என்.ஏ., அது முன்பு ஹவாய் முழுவதும் வாழ்ந்த இனம் என்று காட்டியது. இன்னொரு தீவில் குடியேற்றும் யோசனைக்கு இது வலு சேர்த்தது. 2004, 2005இல் 42 பறவைகள் மிட்வே தீவுக்குப் போயின. ஒன்றுக்கொன்று உறவில்லாத 10 பறவைகளே கணக்குப்படி மரபணு வேறுபாட்டில் 95 சதவீதத்தைச் சுமக்கும். ஆனால் கொண்டுபோன எல்லாமே இனப்பெருக்கம் செய்வதில்லை. ஒரே கூட்டில் பொரித்த உடன்பிறப்புகளைச் சேர்த்து எண்ணினாலும் கணக்குப் பொய்க்கும்.

ஸ்பெயினின் வெண்தலை வாத்தை ஒரு கூட்டத்தில் சுருக்கமாகப் பார்த்தோம். 1977இல் 22 பறவைகள், இப்போது மீண்டிருக்கிறது. அதோடு கலந்து அதை மிரட்டிய அமெரிக்க ரடி வாத்துகள் தாமாகப் பறந்து வந்தவை அல்ல, இங்கிலாந்தில் 1948இல் கூண்டில் தொடங்கிய கூட்டத்தின் வழிவந்தவை என்று மரபணு ஆய்வு சுட்டியது. அவற்றை அகற்றுவதற்கு அது வலுவான ஆதாரம்.

மாதிரி எடுக்கும் பயிற்சியை வளர்ப்பு வாத்துகளின் இறகில் மட்டுமே நடத்தினோம். வனத்துறை அனுமதியின்றிக் காட்டுப் பறவையின் இறகைக்கூட எடுப்பதில்லை. டி.என்.ஏ. இருப்பது இறகுத் தண்டின் அடிநுனியில். அதைக் கையால் தொடக் கூடாது. உலர்ந்த காகித உறையில் ஒரு பறவைக்கு ஓர் உறை. பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். சேற்றிலும் வெயிலிலும் கிடந்த இறகில் டி.என்.ஏ. சிதைந்திருக்கும். எத்தனாலில் போடும் மாதிரிக்குப் பென்சிலால் எழுதிய சீட்டுதான். பேனா மை கரைந்துவிடும். பறவையின் இரத்தச் சிவப்பணுவில் உட்கரு இருப்பதால் ஒரு சொட்டு இரத்தமே போதும். ஆனால் மைட்டோகாண்ட்ரிய வரிசையின் பழைய நகல்கள் உட்கருவிலும் ஒட்டியிருப்பதுண்டு. இரத்தத்தைச் சோதிக்கும்போது அவை ஊடே புகுந்து முடிவைக் குழப்பும். தசை மாதிரியில் அந்தத் தொல்லை குறைவு.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு முடிவுகள் எடுத்துள்ளது. நம் ஏரிகளில் புள்ளிமூக்கு வாத்துக் கூட்டத்தோடு வளர்ப்பு வாத்தோ கலப்பாகத் தோன்றும் பறவையோ இருந்தால் கணக்கெடுப்புப் படிவத்தில் தனிப் பத்தியில் எழுத வேண்டும். சிறகில் பளபளக்கும் நிறத் திட்டு, அலகு, கால் ஆகியவற்றின் படமும் வேண்டும். வால்மேல் சுருண்ட இறகு மல்லார்ட் ஆணின் அடையாளம், வளர்ப்பு வாத்துகள் பெரும்பாலும் அதன் வழியினவே. புள்ளிமூக்கு வாத்தில் அது தென்பட்டால் கட்டாயம் குறிப்பிடவும். இரண்டாவது, வளர்க்க முடியாத வாத்துகளை ஏரியில் விட வேண்டாம் என்று கரையோர ஊர்களில் துண்டறிக்கை கொடுப்பது. அச்சுச் செலவுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் கோருகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்