பிள்ளைகளின் நிறமும் அடையாளமும் குறித்துப் பெற்றோருக்கு

அன்பார்ந்த பெற்றோருக்கு வணக்கம்.

இத்தவணையில் எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் மேல்வகுப்பு ஆசிரியர்கள் என்னிடம் கொண்டுவந்த செய்திகளில் பல, பாடங்களைப் பற்றியவை அல்ல. வார நாட்களில் தாம் படிக்கும் பாடசாலையிலும், பேருந்திலும், கைபேசிக் குழுக்களிலும் தமது நிறத்தையும் பெயரையும் மதிய உணவின் மணத்தையும் வைத்துப் பிள்ளைகள் கேட்க நேர்ந்த சொற்களைப் பற்றியவை. வீட்டில் சொன்னீர்களா என்று கேட்டால் பலர் இல்லை என்கிறார்கள். சொன்னவர்களுக்கோ, "அதைக் காதில போடாத, நீ படி" என்ற பதிலே கிடைத்திருக்கிறது. சோதனைச் சாவடிகளில் வாய் திறவாமல் நின்று உயிர் தப்பிய ஒரு தலைமுறையிடமிருந்து அந்தப் பதில் வருவதில் வியப்பில்லை. அதில் அக்கறையே இருக்கிறது. ஆனால் லண்டனில் பிறந்த பிள்ளை அந்த மௌனத்தை வேறுவிதமாக விளங்கிக்கொள்கிறது: தனக்கு நடந்தது வெளியே சொல்லத் தகாதது, குறை தன்னிடந்தான் இருக்கிறது என்று.

சின்னப் பிள்ளைகளுக்கு நிறம் தெரியாது என்று நாம் நம்ப விரும்புகிறோம். அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில், மூன்று முதல் ஏழு வயது வரையான கறுப்பினப் பிள்ளைகளிடம், நிறத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருந்த பொம்மைகளைக் கொடுத்து எது நல்லது, எது கூடாதது என்று கேட்டபோது, பெரும்பாலானோர் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்று காட்டினார்கள். தம்மைப் போன்ற உருவத்துக்கு நிறம் தீட்டச் சொன்னபோது, தமது உண்மையான நிறத்தைவிட வெளிறிய நிறத்தை எடுத்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். நிற அடிப்படையில் பிள்ளைகளைப் பிரித்துப் படிப்பிப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று 1954இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது கிளார்க்கின் ஆய்வையும் சுட்டிக்காட்டியது.

கடந்த மாதம் எமது மூன்றாம் வகுப்பில் 'நான்' என்ற தலைப்பில் பிள்ளைகள் தம்மைத் தாமே வரைந்தார்கள். ஒரு சிறுமி இரட்டைப் பின்னலையும் பொட்டையும் மிகுந்த கவனத்தோடு வரைந்துவிட்டு, முகத்துக்கு வெளிர் இளஞ்சிவப்புப் பென்சிலை எடுத்தாள். ஆசிரியர் மண்ணிறப் பென்சிலை அருகில் வைத்தபோது, "அது வடிவில்லை" என்று சொல்லித் தள்ளிவிட்டாள். அந்தப் பிள்ளையை ஒருவரும் திட்டவில்லை. ஆனால் "வெயிலில நிண்டு கறுக்காத", "அக்கா நல்ல நிறம், தங்கச்சிதான் கொஞ்சம் மங்கல்" என்று பிறந்தநாள் வீடுகளில் நாம் அன்பாகவே சொல்லும் வார்த்தைகளைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறார்கள்.

பதின்ம வயதில் இது இன்னும் சிக்கலாகிறது. சிறுபான்மை இனத்து இளையோரை ஆராய்ந்த ஜீன் ஃபினி என்னும் உளவியலாளர், அவர்கள் தமது இன அடையாளத்தை முதலில் கேள்வியின்றி ஏற்றிருப்பதையும், பின்னர் தேடலில் இறங்குவதையும், அதன் பிறகே ஒரு தெளிவை அடைவதையும் விளக்கியிருக்கிறார். தமிழ் வகுப்புக்கு இனி வரமாட்டேன் என்று பதின்மூன்று வயதில் அடம்பிடிக்கும் மகனும், திடீரெனத் தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டுமே சேரும் மகளும் பெரும்பாலும் அந்தத் தேடலில்தான் இருக்கிறார்கள் என்பது என் எண்ணம். 2024 ஓகஸ்டில் வட இங்கிலாந்தின் ரொதர்ஹாம் நகரில் புகலிடக் கோரிக்கையாளர் தங்கியிருந்த விடுதியைக் கும்பல் தாக்கிய காணொளிகளை, அகதிகளாக வந்த பெற்றோரின் பிள்ளைகள் தமது அறைகளில் தனியே இருந்து பார்த்தார்கள். அன்று அவர்களோடு இருந்து பேசிய வீடுகள் எத்தனை?

இனி எழுதப்போவது சிலருக்கு வருத்தம் தரலாம். ஆயினும் எழுதாமல் இருக்க முடியாது. கறுப்பின மக்களைக் குறிக்க எமது வீடுகளில் "காப்பிலி" என்ற சொல் இன்றும் தாராளமாகப் புழங்குகிறது. அதே சொல்லை எமது மாணவர் ஒருவர் இடைவேளையில் தன் நண்பரைப் பற்றிச் சொல்லக் கேட்டேன். தன் நிறத்துக்காகப் பேருந்தில் அவமதிக்கப்படும் பிள்ளை, வீட்டில் இன்னொருவரின் நிறம் இழிவாகப் பேசப்படுவதைக் கேட்டால், நிறத்துக்கு ஒரு படிவரிசை உண்டு, அதில் தனக்குக் கீழே ஆள் இருக்கிறது என்பதைத்தான் கற்றுக்கொள்ளும்.

எமது பிள்ளைகளுக்கு இந்நாட்டில் உள்ள பாதுகாப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். 1993 ஏப்ரல் 22ஆம் திகதி, தென்கிழக்கு லண்டனில் எல்தம் என்னுமிடத்தில் பேருந்துக்காகக் காத்திருந்த ஸ்டீஃபன் லோரன்ஸ் என்ற பதினெட்டு வயதுக் கறுப்பின இளைஞர் இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டார். பெற்றோரான டோரீனும் நெவிலும் விடாது போராடியதால்தான் விசாரணை அமைந்தது. லண்டன் பொலிஸ் அமைப்புக்குள்ளேயே இனவாதம் ஊறியிருப்பதாக 1999இல் அந்த விசாரணையின் முடிவான மக்பர்சன் அறிக்கை கூறியது. இனப் பாகுபாட்டை ஒழிக்கப் பாடுபட வேண்டும் என்ற சட்டபூர்வக் கடமையும் பாடசாலைகள் உள்ளிட்ட பொது நிறுவனங்களின் மீது அடுத்த ஆண்டே சுமத்தப்பட்டது. அந்தக் கடமை இன்று 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் பிள்ளைக்காக நீங்கள் எழுதும் முறைப்பாட்டுக்கு வலுக்கொடுப்பது ஒரு கறுப்பினக் குடும்பத்தின் போராட்டம். எம்மவரான அ. சிவானந்தனும், 1958 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையை விட்டு வந்து, இங்கே லண்டனில் கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல்கள் தாக்கிய நொட்டிங்ஹில் கலவரத்தைக் கண்டு, பிற்காலத்தில் இன உறவுகள் நிறுவனத்தை வழிநடத்தியபோது, கறுப்பினத்தவரோடு தோளோடு தோள் நின்றவர்.

ஆகவே பிள்ளை ஏதேனும் சொன்னால், முதலில் முழுவதையும் கேளுங்கள், "நீ என்ன செய்தாய்?" என்று தொடங்க வேண்டாம். சொல்லப்பட்ட வார்த்தை, இடம், நாள், அருகில் இருந்தவர்கள் ஆகியவற்றை அன்றே குறித்துவையுங்கள். கைபேசியில் வந்ததாயின் அழிப்பதற்கு முன் திரையைப் படமாக (screenshot) எடுத்துவையுங்கள். அந்த வாரத்துக்குள்ளேயே வகுப்புப் பொறுப்பாசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்து மூலமான பதிலைக் கேளுங்கள். பதில் திருப்தியளிக்காவிட்டால் பாடசாலையின் முறைப்பாட்டு நடைமுறைப்படி நிர்வாகக் குழு வரை செல்லலாம். தாக்குதலோ மிரட்டலோ எனில் பொலிஸுக்கு 101, உடனடி ஆபத்து எனில் 999. ஆங்கிலத்தில் எழுதச் சிரமப்படும் பெற்றோருக்கு எமது அலுவலகம் கடிதம் எழுதித் தரும். இதற்குக் கட்டணம் இல்லை.

இம்மாத இறுதிச் சனிக்கிழமை, வகுப்புகள் முடிந்ததும் பெற்றோர் கூட்டம் நடைபெறும். தாய், தந்தை இருவருமே வருமாறு கேட்டுக்கொள்கிறேன். எல்லார் முன்னிலையிலும் பேச விரும்பாதவர்கள் முன்கூட்டி அறிவித்தால், அன்று காலையில் என் அறையில் தனியே சந்திக்கலாம்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்