முதல் ஆண்டைக் கற்பதற்கு விடுங்கள்
வெளிநாட்டு மறைப்பணிக்கு இளையோரை அனுப்பும் துறவற சபைகளின் மாநிலத் தலைவர்களுக்கும் தலைவியருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தந்தையரே, அன்னையரே,

குருப்பட்டம் பெற்று ஓராண்டு கூட ஆகாத அருள்பணியாளரும், வாழ்நாள் துறவற வாக்குறுதியான நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த கையோடு ஓர் அருள்சகோதரியும் தான்சானியாவுக்கு, விக்டோரியா ஏரிக்கரைப் பங்குகளுக்கு அனுப்பப்படுகிறார்கள். விசா வந்த வாரம் விமானம். இறங்கிய மாதமே பொறுப்பு: அவருக்குப் பத்துப் பதினைந்து கிளைப் பங்குகள் (தலைமை ஆலயத்தின் கீழ் உள்ள சிற்றூர் ஆலயச் சமூகங்கள்), இவருக்கு மருந்தகம் அல்லது விடுதி. சிலர் இரண்டு ஆண்டுகளுக்குள் உடைந்து திரும்புகிறார்கள். அப்போது "அழைத்தல் உறுதியாக இல்லை" என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிடுகிறோம். அது அநியாயம். அந்தப் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் எவை என்பது முன்கூட்டியே தெரியும்; தெரிந்தும் சரிசெய்யாமல் அனுப்புகிறோம்.

அங்கே பணியாற்றித் திரும்பிய நாங்கள் கேட்பது இதுதான். முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு எந்தப் பொறுப்பும் தராதீர்கள். கணக்கு, கட்டடம், பள்ளி, விடுதி எதுவும் வேண்டாம். நான்கு மாதம் மொழிப் பள்ளி. அடுத்த இரண்டு மாதம், தமிழர் ஒருவரும் இல்லாத ஒரு பங்கில் தங்கல். மீதி ஆறு மாதம், உள்ளூர்ப் பங்குத்தந்தையின் கீழ் உதவியாளர். முசோமாவுக்கு அருகே மாக்கோக்கோவில் மறைப்பணியாளர்களுக்கென்றே ஒரு மொழிப் பள்ளி நெடுங்காலமாக நடந்து வருகிறது. அங்கே கட்டணம் கட்ட யோசிக்கும் நாம், அதைவிடப் பல மடங்கு செலவில் ஒரு வண்டி வாங்கித் தரத் தயங்குவதில்லை.

சுவாகிலி எளிய மொழி, போனால் தானாக வந்துவிடும் என்று அனுப்பும்போது சொல்கிறோம். பாதி உண்மை. ஆளும் காலமும் வினையோடு ஒட்டிக்கொள்வது தமிழருக்குப் பழக்கம்தான். நமக்கு வினையின் பின்னால் ஒட்டுவது அங்கே முன்னால் ஒட்டும், அவ்வளவுதான். கடினம் பெயர்ச்சொல் வகுப்புகளில் இருக்கிறது. ஒரு பெயரின் வகுப்பு மாறினால் அதனோடு வரும் அடைமொழி, எண், வினை எல்லாம் முன்னொட்டை மாற்ற வேண்டும். இது மனப்பாடத்தில் வராது. சந்தையில் தக்காளிக்குப் பேரம் பேசி, பிள்ளைகள் சிரித்துத் திருத்தி, மெல்ல மெல்லத்தான் வரும். உச்சரிப்பில் நமக்கென்று தனியாக ஒரு கண்ணி உண்டு. சமைப்பதற்கும் அடிப்பதற்கும் உள்ள சொற்கள் ஒரே ஓர் ஒலியில்தான் வேறுபடுகின்றன: முதலாவதில் 'பக்கம்' என்பதில் வரும் க, அடுத்ததில் 'தங்கம்' என்பதில் வரும் க. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் வல்லினத்தைத் தமிழ் நாக்கு தானாகவே மென்மையாக்கிவிடும். சகோதரி சமைக்கப் போவதாகச் சொல்ல, கேட்பவர் காதில் அடிக்கப் போவதாக விழும். அதனால் குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் சுவாகிலி எழுதவே கூடாது. சுவாகிலி எழுதப்படும் ரோமன் எழுத்திலேயே முதல் நாளிலிருந்து எழுதச் சொல்லுங்கள்.

நேரமும் அப்படியே. அங்கே நாள் காலை ஆறு மணியிலிருந்து எண்ணப்படுகிறது. நம் ஏழு மணி அவர்களுக்கு முதல் மணி; ஒன்பது மணித் திருப்பலியை மூன்றாம் மணி என்றுதான் அறிவிப்பார்கள். கடிகார முள் ஒன்பதைக் காட்டும், வாய் மூன்று என்று சொல்லும். இது தெரியாமல் கிளைப் பங்குக்குப் பிந்திப் போகும் இளம் குருவை முதல் மாதத்திலேயே மக்கள் வேறு விதமாக எடைபோட்டுவிடுகிறார்கள்.

மறையுரையை முதல் சில மாதங்கள் எழுதி, வேதியரிடம் (மறைக்கல்வி கற்பிக்கும் உள்ளூர்ப் பொதுநிலையினர்) கொடுத்துத் திருத்தி வாசிக்கட்டும். அதில் வெட்கம் இல்லை. ஒப்புரவு அருளடையாளத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) இன்னும் பொறுக்க வேண்டும்: ஒருவர் அழுதுகொண்டே தாழ்ந்த குரலில் சொல்வது புரியும் அளவு மொழி வந்த பிறகே அமரட்டும். முவான்சா, கெய்த்தா, ஷின்யாங்காப் பக்கம் சுகுமா மக்கள் மிகுதி. ஊர்ப்புறத்து மூதாட்டிகள் பலருக்குச் சுவாகிலியே இரண்டாம் மொழி. வேதியர் துணையில்லாமல் அவர்களோடு பேச முடியாது. வேதியரை மதிக்கக் கற்காத குரு அந்த ஊரில் எதையும் கற்க மாட்டார்.

1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலியையும், அகராதியும் இலக்கணமும் செய்த வீரமாமுனிவரையும் நாம் எதற்காக நினைவுகூர்கிறோம்? நம் மொழிக்குத் தந்த ஆண்டுகளுக்காக. நம்மிடம் வந்தவர்கள் தந்ததை, நாம் போகும் இடத்தில் தர மறுக்கிறோம்.

மொழிக்கு அடுத்த பெரிய தடை சாப்பாட்டு மேசை. இரண்டு மூன்று தமிழர் இருக்கும் இல்லத்தில் ஓர் உள்ளூர்ச் சகோதரரோ நவதுறவியோ உட்கார்ந்திருக்க, பேச்சு தமிழில் ஓடுகிறது. அவருக்குத் தன் சொந்த நாட்டிலேயே விருந்தாளியான உணர்வு. மேசையில் தமிழ் கூடாது என்பதை இல்ல விதியாகவே எழுதுங்கள். ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போகும் சாதிப் பேச்சுக்கும் இதுவே மருந்து. மறைப்பதற்கு மொழி இல்லாவிட்டால் அது பேசப்படாது.

உடல்நலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறோம், ஏனெனில் இங்கே தவறு உயிரைக் கேட்கும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகே சான்றிதழ் செல்லும். ஆயுள் முழுக்கச் செல்லும். கென்யாவோ உகாண்டாவோ போய்வருபவர் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் தனிமைப்படுத்தலுக்குப் போக நேரிடும். மலேரியா வேறு கதை. தமிழ்நாட்டில் வளர்ந்தவருக்கு அங்குள்ள ஃபால்சிபாரம் என்னும் கடும் வகை மலேரியாவுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. உள்ளூர்ப் பெரியவர் காய்ச்சலோடு வயலுக்குப் போவதைப் பார்த்து நம் பிள்ளையும் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கிறார். அந்த இரண்டு நாளில் நோய் மூளையைத் தொட்டுவிடலாம். காய்ச்சல் வந்தால் அன்றே விரல்நுனி இரத்தச் சோதனை. உறுதியானால் மருத்துவர் பொதுவாகத் தருவது ஆர்ட்டிமெத்தர்–லூமெஃபான்ட்ரின்: பெரியவருக்கு வேளைக்கு நான்கு மாத்திரை, மூன்று நாளில் ஆறு வேளை, மொத்தம் இருபத்து நான்கு. இரண்டாம் வேளை எட்டு மணி நேரத்தில், பிறகு நாளுக்கு இருவேளை. கொழுப்புள்ள உணவோடு எடுத்தால்தான் மருந்து உடலில் சேரும். வெறும் வயிற்றில் கறுப்புத் தேநீரோடு விழுங்குவது பாதி வீண். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை அலமாரியில் வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. விட்ட நோய் திரும்புகிறது.

தடுப்பு மாத்திரையில் மெஃப்ளோகுவின் வாரம் ஒன்று என்பதால் வசதியாகத் தோன்றும். ஆனால் கெட்ட கனவு, மனச்சோர்வு, பதற்றம் தரக்கூடியது. முன்பு மனச்சோர்வு இருந்தவருக்கு ஆகாது. அந்தப் பழைய விவரத்தைச் சபைத் தலைவரிடம் சொல்லப் பயந்து மறைப்பவர்கள் உண்டு. பயமில்லாமல் சொல்லக்கூடிய மருத்துவரிடம் அனுப்புங்கள், அறிக்கை உங்கள் மேசைக்கு வர வேண்டியதில்லை. இன்னொன்று: விடுமுறைக்கு ஊர் வந்த மூன்றாம் வாரம் காய்ச்சல் வந்தால் இங்குள்ள மருத்துவர் முதலில் டெங்கு என்றுதான் நினைப்பார். "ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன்" என்பதே அவரிடம் சொல்லும் முதல் வாக்கியமாக இருக்கட்டும்.

ஏரியில் குளிக்கக் கூடாது. நத்தைகளிலிருந்து வெளிவரும் புழு தோல் வழியே நுழைந்து பில்ஹார்சியா நோயைத் தரும். ஏரித் தண்ணீரைத்தான் குளிக்கப் பயன்படுத்த வேண்டுமென்றால் தொட்டியில் இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் அந்தப் புழு செத்துவிடும். குடிக்க, எந்தத் தண்ணீரும் கொதிக்க வைத்துத்தான்.

பைக் விஷயத்தில் நம் பிள்ளைகளுக்குத் தேவையற்ற துணிச்சல். அந்தப் பகுதியில் பல இடங்களில் மண் நம் கரிசல் மண்தான். மழை விழுந்ததும் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சேறு அடைத்து முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டியோடு ஆளும் சரிவார். மட்கார்டு உயர்ந்த வண்டி வாங்குங்கள். முதல் ஆறு மாதம் தனியாக விடாதீர்கள். இருட்டிய பின் எவரும் ஓட்ட வேண்டாம். பெருமழை மார்ச் முதல் மே வரை. ஆகவே ஜூனில் அனுப்பினால் காய்ந்த பாதையில் பழகத் தொடங்கலாம்.

ஞாயிறு கணக்கும் தமிழ்நாட்டுக் கணக்கு அல்ல. பாடலும் ஆடலும் காணிக்கைப் பவனியுமாகத் திருப்பலி இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். முடிந்ததும் காணிக்கையாக வந்த கோழி, முட்டை, மக்காச்சோளத்தை முற்றத்தில் ஏலம் விடுவார்கள். அடுத்த ஊருக்கு ஓடும் அவசரத்தில் குரு அதற்கு நிற்காமல் போனால் மனம் வருந்துவார்கள். ஒரு ஞாயிற்றில் இரண்டு ஊருக்கு மேல் ஏற்கச் சொல்லாதீர்கள். நம் அன்பியம் போலவே அங்கும் சிறு கிறிஸ்தவச் சமூகங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடும். அங்கே போய் வெறுமனே உட்கார்ந்து கேட்பதுதான் முதல் ஆண்டின் உண்மையான பணி. முதியவருக்கு முதலில் வணக்கம் சொல்ல வேண்டியவர் இளையவர்தான், அவர் குருவாக இருந்தாலும். நலம் விசாரித்து முடிக்காமல் வந்த காரியத்தைப் பேசக் கூடாது.

பணம் கேட்டு வாசலில் நிற்பவர்கள் இளையோரை உருக்கிவிடுகிறார்கள். அரசு இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவம் வரை 2016 முதல் கட்டணம் இல்லை. ஆனாலும் சீருடை, புத்தகம், தங்குமிடம் என்று தேவை தீராது. சொந்தக் கையிலிருந்து கொடுப்பவர் முதல் ஆண்டில் வள்ளல், இரண்டாம் ஆண்டில் கடனாளி. அவருக்குப் பின் வருபவர் கருமி என்று பெயர் வாங்குவார். உதவி கேட்பவர் தம் சிறு சமூகத்தின் தலைவரிடம் கடிதம் வாங்கி வரட்டும். பங்குக் குழு முடிவு செய்யட்டும். தேவை யாருக்கு அதிகம் என்பது அக்கம்பக்கத்தாருக்குத்தான் தெரியும்.

சகோதரிகளைப் பற்றித் தனியாக ஒரு வேண்டுகோள். குருக்களுக்குக் கிடைக்கும் மொழிப் பயிற்சியில் பாதிகூடப் பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. "செவிலியர்தானே, ஊசி போட மொழி எதற்கு" என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. நள்ளிரவில் பிரசவ வலியோடு வரும் பெண்ணிடம் நீர்க்குடம் எப்போது உடைந்தது என்று கேட்க வேண்டியவர் அவர்தான்.

மாலைகள் நீளமானவை. ஆண்டு முழுக்க ஏழு மணி வாக்கில் இருட்டிவிடும், மின்சாரம் போகும், கையில் போன் இருக்கும். அங்கே எட்டு மணி என்றால் இங்கே பத்தரை. அம்மா தூங்கும் நேரம். அதனால் பேச்சு அங்கத்திய நேரம் மாலை ஐந்தரைக்கு, வாரம் ஒரு நாள் என்று குறித்துவிட்டால் இரு பக்கமும் நிம்மதி. நாள்தோறும் பேசுபவருக்கு மனம் ஊரிலேயே தங்கிவிடுகிறது. பேசவே விடாமல் அடைத்து வைப்பது அதைவிடக் கொடுமை.

இனி, எவரும் முன்கூட்டிப் பேச விரும்பாத ஒன்று: தாய் தகப்பன் சாவு. நம் ஊரில் இன்று இறந்தால் நாளை அடக்கம். முவான்சாவிலிருந்து தார் எஸ் சலாம், அங்கிருந்து வளைகுடாவோ அடிஸ் அபாபாவோ வழியாகச் சென்னை, பிறகு ஊர் என்று, உடனே சீட்டுக் கிடைத்தாலும் ஒன்றரை நாளாவது ஆகும். "வருகிறான், பொறுங்கள்" என்று சொல்ல யாரும் இல்லாமல் அடக்கம் முடிந்துபோகும்; மகன் திண்ணையில் உட்கார்ந்து வீடியோவில் பார்ப்பார். அந்தக் காயத்தோடு மறுநாள் காலை திருப்பலி நிறைவேற்றுபவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆகவே புறப்படும் முன்பே, நீங்களே அந்த வீட்டுக்குப் போய், பெற்றோரையும் அண்ணன் தம்பிகளையும் உட்கார வைத்துப் பேசுங்கள்: உடலைக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்திருப்பதா, அடக்கத்தை முடித்துவிட்டு முப்பதாம் நாள் திருப்பலிக்கு அழைப்பதா என்று. அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். ஒரு விமானச் சீட்டுக்கான பணம் அந்த நாட்டு இல்லத்திலேயே தனியாக இருக்கட்டும். சென்னையிலிருந்து ஒப்புதல் வரும்வரை காத்திருக்க வைக்காதீர்கள். மறைப்பணியாளருக்கான 'சி' வகை வதிவிட அனுமதியை முடியும் நாளுக்குப் பல மாதம் முன்பே புதுப்பிக்கத் தொடங்குங்கள். புதுப்பிப்பு நடுவில் இருக்கும்போது சாவுச் செய்தி வந்தால், போனவர் திரும்ப நுழைவது சிக்கலாகும். பார்வையாளர் விசாவில் போய் வேலையைத் தொடங்குவது சட்ட மீறல். அதன் விலையை அந்தப் பிள்ளைதான் குடிவரவு அலுவலகத்தில் நின்று கொடுக்கிறார்.

மொழிப் பள்ளிக் கட்டணத்தையும் அந்த ஒரு விமானச் சீட்டையும் தவிர, இவற்றுக்குப் பெரிய புதிய நிதி தேவையில்லை. ஆயரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் மொழிக்கான மாதங்கள், பொறுப்பில்லாத முதல் ஆண்டு, ஆண்டுக்கொருமுறை மருத்துவப் பரிசோதனை, பெற்றோர் இறப்பில் பயணம் ஆகிய நான்கையும் பெயர் சொல்லி எழுதுங்கள். "தேவைக்கேற்ப" என்று எழுதினால் ஆள் பற்றாக்குறை வந்த முதல் நாளே அது காணாமல் போகும். அடுத்த பணிநியமனப் பட்டியல் வெளிவரும் முன் இந்தத் திருத்தத்தைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்.

அன்புடன்,
கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றித் திரும்பிய அருள்பணியாளர்கள், அருள்சகோதரிகள்