செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு யார் வருவார்கள்? லாஸ் வேகாஸ் ஸ்டேடியம் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

லாஸ் வேகாஸ் ஸ்டேடியம் ஆணையத்தின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

ட்ராப்பிகானா ஹோட்டல் இருந்த இடத்தில் எழும்பி வரும் பேஸ்பால் மைதானத்தைப் பற்றி எழுதுகிறேன். கட்டுவது இந்த ஊருக்குக் குடிவரப்போகும் அத்லெடிக்ஸ் பேஸ்பால் அணிதான் என்றாலும் அது ஆணையத்தின் பெயரில் இருக்கப்போகும் பொதுச் சொத்து. அதனால்தான் அணியின் முதலாளி ஜான் ஃபிஷருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. 2028-இல் கதவு திறக்கும்போது, இந்த ஊரில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள் சாதாரண வார நாளில் வந்து உட்கார வழி இருக்க வேண்டும். அதற்கான ஏற்பாட்டை இப்போதே எழுத்தில் வாங்கி வையுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த அணியை எதிர்ப்பவன் இல்லை, ஆவலோடு காத்திருப்பவன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்து, பேஸ்பாலுக்குத் தாமதமாக வந்து சேர்ந்தவன். வந்த பிறகு விட முடியவில்லை. அதிலும் இந்த அணி இப்போது பார்க்கச் சுவாரசியமாக இருக்கிறது. 2023-இல் 112 ஆட்டங்களில் தோற்றவர்கள், 2025-இல் 76 வென்று 86 தோற்றார்கள். இது பெருமைப்படும் கணக்கா என்று கேட்டால் இல்லைதான். ஆனால் நிக் கர்ட்ஸ் என்ற இளைஞர் அந்த ஜூலையில் ஹூஸ்டனில் ஒரே ஆட்டத்தில் ஆறு முறை மட்டை பிடித்து ஆறு முறையும் ஹிட் அடித்தார், அவற்றில் நான்கு, கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற ஹோம் ரன். சீசன் முடிவில், மேஜர் லீக் என்ற உச்ச நிலை பேஸ்பாலின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுக வீரர் விருது அவருக்கே. அந்த விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்த ஜேக்கப் வில்சனும் இதே அணி. ப்ரென்ட் ரூக்கர், லாரன்ஸ் பட்லர், டைலர் சோடர்ஸ்ட்ராம் என்று ஒவ்வொருவராகப் பல வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். வளர்த்த வீரர்களையெல்லாம் விலை ஏறியதும் விற்றுவிடுவதற்கே பேர்போன அணி இது. அது இப்போது ஆட்களைத் தக்க வைத்துக்கொள்வதே எங்களுக்குப் பாதி நம்பிக்கை. பந்து வீச்சு இன்னும் தேற வேண்டும், அது வேறு கதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஊர் விளையாட்டு மைதானங்களை ஏற்கனவே பார்த்திருக்கிறது. அலீஜியன்ட் ஸ்டேடியத்தில் அமெரிக்க ஃபுட்பால் அணியான ரெய்டர்ஸ் விளையாடுவது வருடத்துக்கு எட்டு ஒன்பது ஆட்டம். வெளியூர் அணியின் ரசிகர்கள் விமானம் பிடித்து வந்து, ஒரு வார இறுதியைச் சூதாட்ட மேஜையிலும் மைதானத்திலும் கழித்துவிட்டுப் போகிறார்கள். பல ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே எதிரணியின் நிறம்தான் அதிகம் தெரிகிறது. ஃபுட்பாலுக்கு அந்தக் கணக்கு ஓடும். பேஸ்பாலுக்கு ஓடாது. சொந்த மைதானத்தில் மட்டும் 81 ஆட்டங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, திங்கள் செவ்வாய் என்று பார்க்காமல் நடக்கும். டாட்ஜர்ஸ் வரும் சனிக்கிழமை எப்படியும் நிரம்பிவிடும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஐ-15 நெடுஞ்சாலையில் நீல ஜெர்சி போட்ட கூட்டம் வண்டி வண்டியாக வரும். ஆனால் மே மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, எதிரணி கேன்சஸ் சிட்டி. அன்றைக்கு யார் வருவார்கள்?

மைதானத்தில் நிரந்தர இருக்கைகள் சுமார் 30,000. மேஜர் லீகிலேயே அளவில் சிறியவற்றில் ஒன்றாக இருக்கும். அப்படியிருந்தும் 81 ஆட்டத்தால் பெருக்கிப் பாருங்கள், 24 லட்சத்தைத் தாண்டுகிறது. லாஸ் வேகாஸ் அடங்கிய கிளார்க் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) மொத்த மக்கள்தொகையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். குழந்தை முதல் கிழவர் வரை தலைக்கு ஒரு ஆட்டம் என்று வந்தால் கணக்கு சரியாகிவிடும்! சுற்றுலாப் பயணிகள் ஒரு பகுதியை நிரப்புவார்கள், மறுக்கவில்லை. ஆனால் சுற்றுலாப் பயணி ஒரு தடவை வருவார், கண்ணாடிச் சுவர் வழியாகத் தெரியும் ஸ்டிரிப்பை, அதாவது கேசினோக்கள் வரிசை கட்டி நிற்கும் சாலையை, படம் எடுத்துக்கொள்வார், போய்விடுவார். மைதானத்தை மைதானமாக்குவது ஒரே பகுதியில் வருடக் கணக்காக உட்கார்ந்து, பக்கத்து இருக்கைக்காரரின் பேரப்பிள்ளை பெயர்வரை தெரிந்து வைத்திருக்கும் ஆள்.

அந்த ஆள் இந்த ஊரில் என்ன வேலை பார்க்கிறார்? கேசினோவில் சீட்டு போடுகிறார், ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்கிறார், சமையலறையில் நிற்கிறார், விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறார், மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறார். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை என்பதெல்லாம் மற்ற ஊர்களின் நேரம். இங்கே பகல் ஷிப்ட், மாலையில் ஸ்விங், நள்ளிரவுக்கு மேல் கிரேவ்யார்டு என்று மூன்றாகப் பிரிந்து கிடக்கிறோம். மாலை நான்கு மணிக்கு ஸ்விங் ஷிப்டில் ஏறுகிறவர் நள்ளிரவில்தான் இறங்குவார். எல்லா வார நாள் ஆட்டங்களையும் மாலை ஏழு மணிக்கே வைத்தால், தன் ஊர் அணியை அவர் விடுமுறை நாளில் மட்டும்தான் பார்க்க முடியும். அவருடைய விடுமுறையோ சனி ஞாயிறாக இருக்காது. சனி ஞாயிறில்தான் இந்த ஊரே வேலை செய்கிறது.

இதற்குத் தீர்வு உங்கள் கூரையிலேயே இருக்கிறது. 2024 ஜூலை 7 அன்று இங்கே வெப்பம் 120 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. திறந்தவெளி மைதானமாக இருந்திருந்தால் கோடை மதியத்தில் ஆட்டம் என்று யாரும் வாயைத் திறக்க முடியாது. ஆனால் இங்கே எழும்புவது நிரந்தரக் கூரை போட்ட, குளிரூட்டிய அரங்கம். அதை வைத்துக்கொண்டு ஏன் மாலைக்காகக் காத்திருக்க வேண்டும்? வாரத்தில் ஒரு நாள், செவ்வாயோ புதனோ, மதியம் 12 மணிக்கு ஆட்டத்தைத் தொடங்குங்கள். 2023-இல் பந்து வீச நேரக் கெடு வைக்கும் பிட்ச் கிளாக் வந்த பிறகு ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மூன்று மணிக்கு முன் வெளியே வந்து, சாவகாசமாகச் சீருடை மாற்றி, நான்கு மணிக்கு ஷிப்டில் நிற்கலாம். இது வேறு எந்த மேஜர் லீக் ஊருக்கும் இந்த அளவுக்குப் பொருந்தாது. மற்ற ஊர்களில் வார நாள் மதிய ஆட்டம் என்றால் ஆபீஸுக்கு மட்டம் போட வேண்டும். இங்கே அது வேலைக்குப் போகும் வழியில் பார்க்கிற ஆட்டம். அட்டவணையை லீக்தான் போடுகிறது என்பது தெரியும். ஆனால் உள்ளூர் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அணிக்குக் குரல் உண்டு. அணியிடம் பேசும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

அடுத்தது டிக்கெட். விலை வைப்பது அணியின் உரிமை, அதில் ஆணையம் தலையிட முடியாது என்பீர்கள். இருக்கலாம். ஆனால் இந்த ஊரில் ஒரு நல்ல பழக்கம் பல வருடமாக இருக்கிறது: நெவாடா ஐடியைக் காட்டினால் ஷோவுக்கும் பஃபேக்கும் லோக்கல்ஸ் தள்ளுபடி. அதையே இங்கேயும் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு வார நாள் ஆட்டத்திலும் குறிப்பிட்ட அளவு இருக்கைகள், நெவாடா முகவரி உள்ளவர்களுக்கு மட்டும், குறைந்த விலையில், மைதானத்தின் டிக்கெட் ஜன்னலிலேயே. ஆன்லைனில் விட்டால் ஐந்தே நிமிடத்தில் மறுவிற்பனைக்காரர்கள் அள்ளிவிடுவார்கள். உள்ளூர் மக்களுக்கு அணி என்ன செய்யும் என்று சொல்லும் சமூக நலன் ஒப்பந்தம் ஒன்று ஏற்கனவே கையில் இருக்கிறது. அதன்கீழ் இதையும் கொண்டுவருவது அவ்வளவு கஷ்டமா?

போக்குவரத்தைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. மைதானம் நிற்கப்போவது 9 ஏக்கரில், ஊரிலேயே நெரிசலான சந்திப்பு ஒன்றின் மூலையில். எதிரே எம்ஜிஎம் கிராண்ட், சாலைக்கு அந்தப் பக்கம் எக்ஸ்காலிபர். அங்கே காரில் வராதீர்கள் என்று சொல்லப் போகிறீர்கள், நியாயம்தான். ஆனால் மோனோரயில் ஸ்டிரிப்பின் ஹோட்டல்களுக்குப் பின்னால் ஓடுவது. ஹென்டர்சனிலோ வடக்கு லாஸ் வேகாஸிலோ குடியிருப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆட்ட நாட்களில் குடியிருப்புப் பகுதிகளிலிருந்து நேரடிப் பேருந்து வேண்டும், ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போனாலும் காத்திருந்து கூட்டிப்போகும் பேருந்து. அணியின் முந்தைய ஊரான ஓக்லாந்தில், கொலீஸியம் என்ற பழைய மைதானத்தில் ஆயிரம் குறை இருந்தது. ஆனாலும் அந்தப் பகுதியின் பார்ட் நகர ரயிலிலிருந்து இறங்கி, நடைபாலத்தைக் கடந்தால் நேராக மைதானம்.

ஓக்லாந்தின் பெயரை எடுத்துவிட்டேன், அதையும் பேசிவிடுகிறேன். நமக்கு வரும் இந்த அணி ஒரு ஊரிலிருந்து பிடுங்கி எடுக்கப்பட்டது. 1968 முதல் 57 சீசன்கள் ஓக்லாந்தில் இருந்து, அங்கே நான்கு உலகத் தொடர்களை (மேஜர் லீகின் சாம்பியன் பட்டம்) வென்ற அணி. 2023 ஜூன் 13 அன்று 27,759 பேர் திரண்டு, ‘விற்றுவிடு’ என்று முதலாளியைப் பார்த்துக் கத்தினார்கள். வராமல் புறக்கணிப்பதற்குப் பதிலாக, வந்து நிரப்பிக் காட்டிய எதிர்ப்பு அது. இரண்டே நாளில், ஜூன் 15 அன்று, இந்த மைதானத்துக்கு 380 மில்லியன் டாலர் வரை பொதுப் பணம் தரும் சட்டத்தில் நம் ஆளுநர் கையெழுத்திட்டார். அடுத்த வருடம் செப்டம்பர் 26 அன்று கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர் வந்தார்கள். ஆதரவு இல்லாத ஊர் என்று ஓக்லாந்தைச் சொல்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பார்க்கட்டும். ரசிகர்கள் இல்லாமல் போகவில்லை, தங்களுக்கு அங்கே இடம் இல்லை என்று ஆக்கப்பட்ட பிறகு வராமல் போனார்கள். இது என் கருத்து. அணி நிர்வாகம் வேறு மாதிரி சொல்லும்.

இன்னொரு பழைய சங்கதி. 1996 ஏப்ரலில் கொலீஸியத்தில் கட்டுமான வேலை முடியாததால் அத்லெடிக்ஸ் தங்கள் முதல் ஆறு சொந்த ஆட்டங்களை இங்கே, கேஷ்மன் ஃபீல்டில் ஆடினார்கள். அந்த வேலை எதற்கு? ரெய்டர்ஸ் ஓக்லாந்துக்குத் திரும்பி வந்ததற்காக. பேஸ்பால் மைதானத்தின் அழகான மலைக் காட்சியை மறைத்து ஒரு பெரிய இருக்கை அடுக்கு எழுப்பினார்கள். அப்படி இடம் செய்து கொடுத்த ரெய்டர்ஸும் கடைசியில் இங்கேதான் வந்து சேர்ந்தது. இரண்டு அணிகளையும் ஒரே ஊரிடமிருந்து வாங்கிக்கொண்டவர்கள் நாம். அங்கே நடந்த தவறுகளையாவது வாங்காமல் இருக்கலாம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக்கூடங்களுக்கு இல்லாத பணம் மைதானத்துக்கு எப்படி வந்தது என்று ஆசிரியர் சங்கம் கேட்டது. பொது வாக்கெடுப்பு கோரிய மனுவை 2024 மே மாதத்தில் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டப்படி அந்தக் கதை முடிந்தது. என்னைக் கேட்டால் கேள்வி நியாயமானது, பதில் இன்னும் வரவில்லை. ஆனால் ரசிகனாக நான் பார்ப்பது வேறொரு கோணம். கவுண்டி வெளியிடும் கடன் பத்திரங்களை அடைக்கப்போவது பெரும்பாலும் மைதானத்துக்கு உள்ளே உண்டாகும் வரிப் பணம். அதாவது டிக்கெட்டும் ஹாட் டாகும் ஜெர்சியும் விற்றால்தான் கடன் அடையும். எனவே செவ்வாய்க்கிழமை இருக்கைகள் காலியாகக் கிடப்பது அணியின் கவலை மட்டும் இல்லை, கவுண்டியின் வரவு செலவுக் கவலையும்கூட. நான் தர்மம் கேட்கவில்லை. உங்கள் கணக்குக்கே இதுதான் நல்லது என்கிறேன்.

இந்த ஊரின் ஐஸ் ஹாக்கி அணியான கோல்டன் நைட்ஸைப் பாருங்கள். 2017-இல் வந்தார்கள். பாலைவனத்தில் ஐஸ் ஹாக்கியா என்று சிரித்தவர்களில் நானும் இருந்திருப்பேன். முதல் சீசன் தொடங்கும் நேரத்தில்தான் இங்கே ஓர் இசை விழாவில் அக்டோபர் 1 துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த அணி ஊரோடு நின்றது, ஊர் அணியை விடவே இல்லை. 2023-இல் ஹாக்கி லீகின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பை வந்தபோது ஸ்டிரிப்பில் நின்ற கூட்டம் சுற்றுலாக் கூட்டம் இல்லை. உள்ளூர்க்காரர்களை முன்னால் வைத்து ஒரு அணியை வளர்க்கலாம் என்பதற்கு வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

(மைதானம் இருக்கும் இடம் சட்டப்படி லாஸ் வேகாஸ் மாநகரமே இல்லை, பாரடைஸ் என்ற கவுண்டிப் பகுதி. அணியோ இப்போது ஊர்ப் பெயரே இல்லாமல் வெறும் ‘அத்லெடிக்ஸ்’ என்று சாக்ரமென்டோவுக்குப் பக்கத்தில், 14,000 பேர் கொள்ளும், மைனர் லீக் என்ற கீழ்நிலை அணிகளுக்கான மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. ஊர் இல்லாத அணி, மாநகரத்துக்குள் இல்லாத மைதானம். பொருத்தம் என்னவோ சரியாகத்தான் இருக்கிறது.)

2026 ஜூனில் அத்லெடிக்ஸ் ஆறு ஆட்டங்களை சம்மர்லினில் உள்ள லாஸ் வேகாஸ் பால்பார்க்கில் ஆடப்போகிறது. மில்வாக்கியும் கொலராடோவும் எதிரணிகள். உள்ளூர் மைனர் லீக் அணியான ஏவியேட்டர்ஸின் ஆட்டங்களுக்கு நாங்கள் வழக்கமாகப் போகும் இடம் அது. அந்த ஆறு நாட்களிலும் உங்கள் ஆட்களை வாசலில் நிறுத்துங்கள். யார் எந்தப் பகுதியிலிருந்து வருகிறார்கள், என்ன ஷிப்ட், எப்படி வந்தார்கள், எவ்வளவு கொடுத்து டிக்கெட் வாங்கினார்கள் என்று கேட்டு எழுதட்டும். அந்த விவரத்தைப் பொதுவில் வையுங்கள். 2028-க்கான டிக்கெட் விலையும் ஆட்ட நேரமும் முடிவாவதற்கு முன்னால், அதை மேஜையில் வைத்து அணியோடு பேசுங்கள்.

இந்த மடலின் ஆங்கில வடிவத்தை உங்கள் அடுத்த கூட்டத்தில், பொதுமக்கள் பேசும் நேரத்தில் கொடுக்கிறேன். மதியக் கூட்டமாக இருந்தால் ஸ்விங் ஷிப்டில் இருக்கும் நண்பர்கள் சிலரையும் அழைத்து வருவேன்.

இப்படிக்கு,
ஹென்டர்சனிலிருந்து ஒரு பேஸ்பால் ரசிகன்